கணக்குக் கேட்காத அலமாரி

ஒரு குழந்தை கதைப் புத்தகத்தைப் படித்து முடித்து மூடி வைக்கிறது. அடுத்த நொடியே நாம் தொடங்கிவிடுகிறோம். கதையில் யார் யார் வந்தாங்க? இதிலிருந்து நீ என்ன நீதி தெரிஞ்சுக்கிட்ட? பத்து வரியில எழுதிக் காட்டு. எல்லாம் நல்லெண்ணத்தில் கேட்பவைதான். ஆனால் தேர்த்திருவிழா பார்த்துவிட்டு வந்த பிள்ளையிடம் யாரும் பத்து வரி எழுதச் சொல்வதில்லை. தெருவில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையிடமும் அந்த விளையாட்டின் நீதியைக் கேட்பதில்லை. அதனால்தான் திருவிழாவும் விளையாட்டும் பிள்ளைகளுக்குச் சொந்தமாகவே இருக்கின்றன. வாசிப்பை மட்டும் கேள்வி கேட்டுக் கேட்டு அவர்கள் கையிலிருந்து நாமே வாங்கிக்கொள்கிறோம்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். பள்ளி நூலகங்களை முடக்கிப் போடுபவை இரண்டு கணக்குகள் என்பது இத்தனை காலத்தில் நான் கண்டது. ஒன்று, புத்தகம் எங்கே என்ற கணக்கு. மற்றது, படித்தது புரிந்ததா என்ற கணக்கு. இரண்டையும் கொஞ்சம் தளர்த்தினால் போதும், பிள்ளைகள் தாமாகவே புத்தகத்தின் பக்கம் வருவார்கள்.

முதல் கணக்கைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பள்ளிக்கு வரும் ஒவ்வொரு புத்தகமும் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. எண், தலைப்பு, விலை, வந்த தேதி. பொறுப்பாசிரியர் மாறுதலாகிப் போகும்போது பீரோவைத் திறந்து, பதிவேட்டில் உள்ளபடி ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைக்க வேண்டும். இல்லாத புத்தகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நாற்பது ரூபாய்ப் புத்தகம் ஒன்று காணோம் என்று தன் கைப்பணத்தில் வாங்கி வைத்துவிட்டுப் போன ஆசிரியை எனக்குத் தெரிந்தவர். அதற்குப் பிறகு அவர் எந்தப் பள்ளியிலும் நூலகப் பொறுப்பை ஏற்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பூட்டிய பீரோவில் புத்தகம் தொலையாது. பூட்டி வைத்ததற்காக யாரும் விளக்கம் கேட்பதும் இல்லை. இராமபாணப் பூச்சி தின்றுகொண்டிருந்தாலும் எண்ணிக்கை சரியாக இருக்கும்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்தியவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-இல் அவர் எழுதி வெளியிட்ட ஐந்து விதிகள் இன்றும் உலகம் முழுவதும் நூலகவியல் மாணவர்களுக்குப் பாடம். புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது அதில் முதல் விதி. இதைக்கூடவா ஒரு விதியாக எழுத வேண்டும் என்று தோன்றலாம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு பிணைத்து வைத்திருந்த வரலாற்றை ரங்கநாதன் அந்த நூலிலேயே எடுத்துக்காட்டுகிறார். பாதுகாப்பதற்காகவே நூலகம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேர்விட்டது. அதே 1931-இல் எங்கள் மன்னார்குடி வட்டாரத்தில் ஒரு மாட்டு வண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. மேலவாசல் கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது. சாலை வசதியே இல்லாத நாளில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே இருந்த ஊர்களுக்குப் புத்தகம் தேடிப் போயிருக்கிறது. இன்று அதே ஊர்களில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே புத்தகம் இருக்கிறது; வகுப்பறைக்கும் பீரோவுக்கும் இடையில் பத்தடி தூரம். அதைத்தான் கடக்க முடியவில்லை.

தொலைவதை ஏற்றுக்கொண்ட விதி ஒன்றும் இருக்கிறது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215-ஆவது விதி நூலகப் புத்தகங்களைப் பற்றியது. ஓர் ஆண்டில் இரவலாகவோ பார்வைக்காகவோ எடுக்கப்பட்ட ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து வரை தொலைவது இயல்பானது, அது நேர்மைக் குறைவாலோ கவனக்குறைவாலோ நேராதவரை ஏற்கத்தக்கது என்று அந்த விதி சொல்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். நம் பள்ளிகளில் உள்ள குழந்தைகள் புத்தகங்கள் அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராதவை. இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்தது, இழப்பை எதை வைத்து அளக்கிறார்கள் என்பதுதான். இருப்பில் எத்தனை என்று பார்ப்பதில்லை, எத்தனை முறை கைமாறியது என்று பார்க்கிறார்கள். நிறையக் கொடுத்தவருக்குச் சலுகை அதிகம், கொடுக்காமல் பூட்டி வைத்தவருக்குச் சலுகையே கிடையாது. இது மத்திய அரசு அலுவலகங்களுக்கானது. கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கும் இதே நியாயம் வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் பள்ளியில் பீரோவிலிருந்த புத்தகங்களை வராந்தாவுக்குக் கொண்டுவந்தோம். சன்னலுக்குச் சன்னல் கயிறு கட்டி, துணிக்கு மாட்டும் கிளிப்பால் சின்னப் புத்தகங்களைத் தொங்கவிட்டோம். பெரியவை இரும்பு ரேக்கில். எடுப்பவர்கள் தாங்களே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மேற்பார்வைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர். தொலைந்தவை உண்டு. கிழிந்தவை அதைவிட அதிகம். ஒரு புத்தகம் திரும்பி வரும்போது நடுப்பக்கத்தில் மஞ்சளாக விரல் தடம் இருந்தது. கொண்டுவந்த பெண் நடுங்கிக்கொண்டே சொன்னாள்: "நான் இல்ல டீச்சர். எங்க அப்பாயிக்குப் படிச்சுக் காட்டினேன். அது மசாலா அரைச்சுக்கிட்டே படம் பாக்கணும்னு வாங்கிருச்சு." அந்த அப்பாயி பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து யானைப் படத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அந்தப் புத்தகத்தைப் பதிவேட்டில் 'சேதம்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அப்படியே கயிற்றில் தொங்கவிட்டேன்.

அடுத்தது புரிதல் கணக்கு. இது முதலாவதைவிடக் கடினம், ஏனென்றால் இதைக் கேட்பவர்கள் அக்கறையுள்ளவர்கள். நூலகச் செயல்பாடு என்றாலே நமக்கு வினாடி வினா, நூல் மதிப்புரைப் போட்டி, ஒப்புவித்தல், பேச்சுப் போட்டிதான் நினைவுக்கு வருகின்றன. நன்றாகப் படிக்கும் பிள்ளை மேடையேறும், பரிசு வாங்கும், படம் எடுப்போம். அந்தப் பிள்ளைக்கு அது நல்லதுதான். ஆனால் கீழே உட்கார்ந்து கை தட்டுகிற எழுத்துக்கூட்டிப் படிக்கும் பையனுக்கு என்ன சேதி போகிறது? புத்தகம் என்பது ஜெயிப்பவர்களுக்கானது என்ற சேதி. யாருக்காக நூலகத்தைத் திறந்தோமோ அவன்தான் முதலில் வெளியே போகிறான்.

ஜப்பானில் 1988-இல் சிபா மாகாணத்துப் பள்ளி ஒன்றில் காலை வாசிப்பு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வகுப்பு தொடங்கும் முன் பத்து நிமிடம். அதற்கு நான்கே நிபந்தனைகள். எல்லோரும் படிக்க வேண்டும், ஆசிரியர் உட்பட. தினமும் படிக்க வேண்டும். பிடித்த புத்தகம் எதுவானாலும் சரி. படித்தால் மட்டும் போதும். இந்த நான்காவதுதான் உயிர்நிலை. கேள்வி கிடையாது, கட்டுரை கிடையாது, மதிப்பெண் கிடையாது. அது அந்நாட்டில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. பத்து நிமிடத்துக்குக் கட்டடம் வேண்டாம், நிதி வேண்டாம், சுற்றறிக்கைகூட வேண்டாம். ஆசிரியரும் அந்தப் பத்து நிமிடம் வருகைப் பதிவேட்டைக் கீழே வைத்துவிட்டுத் தானும் ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்க வேண்டும். அது ஒன்றுதான் கஷ்டம்.

நான் அதிகம் நம்புவது வாய்விட்டுப் படித்துக் காட்டுவதை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு, ஆறும் ஏழும் ஒன்றாக வராந்தாவில் உட்காரும். குரல் மாற்றி நடிப்பதெல்லாம் எனக்கு வராது, நிதானமாக வாசிப்பேன். ஐந்து நிமிடத்தில் சலசலப்பு அடங்கும். முன்வரிசையில் ஒருவன் என் கையிலிருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு, நான் சொல்லும் சொல்லை அரை நொடி தாமதமாக உதட்டால் சொல்வான். பாடநூலைக் கொடுத்தால் வயிற்று வலி என்று சொல்கிற பையன் அவன். கதை ஒரு முடிச்சுக்கு வரும்போது மணி அடித்துவிடும். நான் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். எடுத்துக்கொள் என்று யாரிடமும் சொல்வதில்லை. திங்கள்கிழமை காலை மேசையில் அந்தப் புத்தகம் இருக்காது. ஒரு திங்கட்கிழமை அந்தப் பையன் என்னைத் தாண்டிப் போகும்போது, "அந்த நரி சாகல டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவனிடம் நான் கேள்வி எதுவும் கேட்டிருக்கவில்லை.

பள்ளிக் கல்வித்துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை. ஒல்லியான புத்தகங்கள், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஒரு புத்தகத்தைக் கடைசிவரை படித்து முடித்தேன் என்ற பெருமையை வாழ்க்கையில் முதல்முறையாக அவைதாம் சிலருக்குத் தந்திருக்கின்றன. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன் கையில் 'நுழை' இருந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆகையால் 'நுழை' புத்தகத்தை ஆசிரியர்கள் நாங்கள் எடுத்துப் படிக்கிறோம், பெரிய பிள்ளைகளைச் சின்ன வகுப்புக்குப் படித்துக்காட்ட அனுப்புகிறோம். ஒன்றாம் வகுப்புத் தங்கைக்குப் படிக்கத்தான் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வசதி அவர்களுக்கு வேண்டும்.

புத்தகத்தின் கடைசி அட்டையில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறோம். படித்தவர்கள் விரும்பினால் ஒரு வரி எழுதலாம். 'பதினோராம் பக்கம் சிரிப்பு வரும்.' 'முதல்ல போர், அப்புறம் சூப்பர்.' 'இதை ராத்திரி படிக்காதே.' இந்த வரிகளைப் படித்துவிட்டுத்தான் பிள்ளைகள் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என் பரிந்துரைக்கு அவ்வளவு மதிப்பு இல்லை. பிழையோடு எழுதியிருந்தால் நான் திருத்துவதில்லை; சிவப்பு மை பட்ட நாளிலிருந்து அந்தத் தாளில் யாரும் எழுத மாட்டார்கள்.

சில புத்தகங்களுக்குப் பின் எதுவும் கேட்காமல் இருப்பது கடமை. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற நூல். தவறாகத் தொடும் பெரியவர்களைப் பற்றிக் குழந்தைகளிடம் குழந்தைகளின் மொழியில் பேசுவது. எங்கள் பள்ளியில் அது பெண்பிள்ளைகளின் கையில் ஒருவர் மாற்றி ஒருவராகப் போய்க்கொண்டே இருக்கிறது, கடைசித் தாளில் ஒரு வரிகூட ஏறவில்லை. அதற்கு மதிப்புரை எழுது என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் அதைத் தொட்டிருப்பார்களா? தனியாகப் படித்து, தனியாக வைத்துக்கொள்ளும் உரிமை பெரியவர்களுக்கு இருப்பதைப் போலவே அவர்களுக்கும் உண்டு. கேட்க வேண்டும் என்று தோன்றும் நாளில் அவர்கள் வருவதற்கு நான் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதைப் படிக்கலாம் என்பதிலும் நாம் அளவுக்கு மீறித் தலையிடுகிறோம். தலைவர்கள் வரலாறும் நீதிக்கதையும் மட்டும் வாங்கி அடுக்கினால் பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நம்மில் எத்தனை பேரை வாசகராக்கியது அம்புலிமாமா, எத்தனை பேரை இரும்புக்கை மாயாவி! அதே இடத்தை இன்றைய பிள்ளைகளுக்கும் விட வேண்டும். படக்கதையே படித்துக்கொண்டிருந்தால் படிக்கட்டும். பாதியில் வைத்துவிட்டால் வைக்கட்டும்.

கணக்கே இல்லாவிட்டால் பிள்ளைக்குப் படிக்கத் தெரிகிறதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எழுத்தறியும் திறனைச் சோதிக்க வகுப்பு இருக்கிறது, தேர்வு இருக்கிறது. வாரத்தில் ஒரு பாடவேளை, நாளில் ஒரு பத்து நிமிடம் அதற்கு வெளியே இருக்கட்டும். கைப்பேசிதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்பதையும் நான் ஏற்பதில்லை. பூட்டிய பீரோவோடு கைப்பேசி போட்டி போடவே தேவையில்லையே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாவற்றையும் பேசுங்கள், பேசத்தான் வேண்டும். அதோடு நூலகப் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது, போன மாதம் எத்தனை புத்தகம் பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்தது என்றும் கேளுங்கள். தொலையும் புத்தகத்துக்காக எந்த ஆசிரியரும் கைப்பணம் கட்ட வேண்டாம், அதைக் குழு பார்த்துக்கொள்ளும் என்று தீர்மானத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பிள்ளை கொண்டுவரும் புத்தகத்தை நீங்களும் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். என்ன புரிந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.