அறியும் உடல்

மனத்தை ஆராய்பவர் தம் உடலை ஆய்வுக்கு வெளியே நிறுத்திவைக்க முடியுமா என்ற மெய்யியல் கேள்வி அறிதல் உளவியலை இன்றும் விட்டபாடில்லை. காண்டல், கவனம், நினைவு போன்ற மனச்செயல்களை ஆராயும் இத்துறை 1950களில் கணினியை முன்மாதிரியாகக் கொண்டு வளரத் தொடங்கியபோது, மனம் குறியீடுகளைக் கையாளும் நிரல் என்றும், உடல் அந்நிரலுக்குத் தகவல் தந்து விடை பெறும் வெறும் வாயில் என்றும் கருதப்பட்டது. சிலி நாட்டு உயிரியலாளர் பிரான்சிஸ்கோ வரேலா இதை ஏற்கவில்லை. அவர் இவான் தாம்சன், எலினர் ராஷ் ஆகியோருடன் 1991இல் வெளியிட்ட ‘உடல்கொண்ட மனம்’ என்னும் நூல், மெர்லோ-போன்ட்டியின் உடல் பற்றிய மெய்யியலையும் பௌத்தத்தின் விழிப்புநிலைப் பயிற்சியையும் உளவியலோடு உரையாட வைத்து, உடல் சூழலோடு இடைவிடாது கொள்ளும் ஊடாட்டத்திலேயே அறிதல் பிறக்கிறது என்று வாதிட்டது.

இங்கேதான் சிக்கலமைவு என்னும் கருத்து தேவைப்படுகிறது. பல உறுப்புகள் ஒன்றையொன்று பாதித்து இயங்கும்போது, எந்த ஓர் உறுப்பிலும் இல்லாத ஒழுங்கு, கட்டளையிடுவோர் எவருமின்றி முழுமையில் தோன்றுவதை அது குறிக்கும். ஸ்காட் கெல்சோ 1980களில் செய்த விரலசைவு ஆய்வு இதற்கு மிகத் தெளிவான சான்று. இரு சுட்டுவிரல்களையும் ஒரே பக்கமாகச் சாயுமாறு இணையாக ஆட்டத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அவை தாமாகவே ஒன்றையொன்று நெருங்கி விலகும் ஆட்டத்துக்கு மாறிவிடுகின்றன. பிறகு வேகத்தைக் குறைத்தாலும் பழைய ஆட்டம் தானாகத் திரும்புவதில்லை. ஹெர்மன் ஹாக்கனும் அவருடைய கூட்டாளிகளும் 1985இல் இம்மாற்றத்துக்குக் கணிதச் சமன்பாடு அமைத்தனர். மாற்றம் நெருங்குகையில் அசைவில் தடுமாற்றம் மிகுவதைக் கருவி அளக்கிறது. விரலை ஆட்டுபவரோ அதே தடுமாற்றத்தை, பிடி நழுவப்போகும் உணர்வாகத் தம் கைக்குள்ளேயே அறிகிறார். நிகழ்வு ஒன்றே, அதை அறியும் வழிகளே இரண்டு. இவற்றுள் இரண்டாவதை அறிவியல் ஏன் கணக்கில் எடுக்கக்கூடாது?

எடுக்கலாம், ஆனால் அது எளிதன்று. இதயத்துடிப்பு, மூச்சு, வயிற்றின் அசைவு போன்றவற்றை உள்ளிருந்தே உணர்வது அகப்புலனுணர்வு எனப்படும். நாடியைத் தொடாமல் தம் துடிப்புகளை எண்ணச் சொல்லி இத்திறனை அளக்கும் முறையை ரைனர் ஷாண்ட்ரி 1981இல் விவரித்தார். அம்முறையில், துடிப்பை உணராமலேயே, நிமிடத்துக்குச் சுமார் எழுபது என்ற பொது அறிவைக் கொண்டு ஒருவர் நல்ல விடை சொல்லிவிட முடியும் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டிய குறை மிகவும் நியாயமானது. மூச்சின் நிலையோ வேறு: அதைக் கவனித்த கணமே அதன் போக்கு மாறிவிடுகிறது. ஆகவே உடலுணர்வைச் சான்றாகக் கொள்வதற்கு, நுண்ணோக்கியைக் கையாளக் கற்பது போன்றதொரு பயிற்சி வேண்டும்.

வரேலா 1996இல் முன்வைத்த நரம்பு நிகழ்வியல் அப்பயிற்சியையே ஆய்வுமுறையாக்கியது. அனுபவத்தை உள்ளிருந்து விவரிக்கப் பழகியவரின் சொல்லும் மூளையின் மின்பதிவும் ஒன்றையொன்று திருத்தட்டும் என்பதே அதன் சாரம். வரேலா 2001இல் மறைந்த பின், 2002இல் அந்துவான் லுட்ஸும் சகஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், முப்பரிமாண உருவம் திரையில் தோன்றுமுன் தாம் எவ்வளவு ஆயத்தமாக இருந்தோம் என்று பங்கேற்றோர் தந்த விவரிப்பின்படி பதிவுகளைப் பிரித்தபோது, ஒவ்வொரு நிலைக்கும் உரிய நரம்பொத்திசைவு, அதாவது நரம்பணுக்கள் ஒருங்கிசைந்து இயங்கும் பாங்கு, வேறுபட்டிருந்தது. அவ்விவரிப்பு இல்லையெனில், இவ்வேறுபாடு வெறும் இரைச்சலாக ஒதுக்கப்பட்டிருக்கும். பருப்பொருளான மூளையிலிருந்து அனுபவம் ஏன் எழவேண்டும் என்று மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் எழுப்பிய கடுஞ்சிக்கலை இது தீர்த்துவிடவில்லை. எனினும், அனுபவமுடையவரை அவருடைய அனுபவத்துக்குச் சாட்சியாக மீண்டும் ஆய்வுக்கூடத்துக்குள் அழைத்துவந்தது.