பிள்ளையாருக்கு மோதகம், நமக்கு அளவு



விநாயக சதுர்த்தி நெருங்குகிறது. மடைப்பள்ளிக்கு வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியல், கணக்குப் பார்க்கும் எமது கைக்கு வந்து சேர்ந்தது. அரிசி மா, பயறு, தேங்காய், சர்க்கரை எல்லாம் வழமை போலவே. சீனி மட்டும் இரண்டு மூட்டை. சென்ற ஆண்டு ஒரு மூட்டைதான் வாங்கினோம். அடியார் தொகை இரட்டிக்கவில்லையே, சீனி எங்கே போகிறது என்று விசாரித்தோம். கேசரிக்கும் லட்டுக்கும், பூசை முடிந்து ஊற்றும் தேத்தண்ணீருக்கும் என்றார்கள். உபயகாரர் ஒருவர் லட்டுக் கொடுத்தால் அடுத்தவர் லட்டும் கேசரியும் கொடுக்கிறார். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனாலும் இதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

எம்மிற் பலர் 1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள். உள்ளங்கையில் ஒரு துளி சீனியை வைத்து நக்கிக்கொண்டே வெறுந்தேத்தண்ணீர் குடித்தோம். பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு குடித்த நாட்களும் உண்டு. விருந்தாளி வந்தால் மட்டும் அம்மா சீனிப் போத்தலைத் திறப்பார். அகதியாக இங்கு வந்து, இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தபோது, அலுமாரி நிறையக் குளிர்பானம். பழைய கடனை வட்டியோடு அறவிடுவது போலக் குடித்தோம். குடிக்க வேண்டாமென்று சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் இரத்தப் பரிசோதனையில் எமது மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு 46 என்று வந்தது. பிரித்தானியக் கணக்கில் 42 முதல் 47 வரை எல்லைக்கோடு, 48 ஆனால் நீரிழிவு. உடம்பிலே ஒரு நோவும் இல்லை. அதுதான் இந்த நோயின் கள்ளத்தனம். தெற்காசியர்களுக்கு இந்நோய் மற்றவர்களை விட இளவயதிலேயே, குறைந்த உடற்பருமனிலேயே வருகிறது என்று மருத்துவர் விளக்கினார். அன்று மாலை வீட்டில் பேரேடு எழுதுவது போலக் கணக்கு எழுதினோம். நாளுக்கு ஆறு தேத்தண்ணீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி. ஒரு கரண்டி 4 கிராம் என்றால் 48 கிராம். வருடத்துக்குப் பதினேழரைக் கிலோ! இது தேத்தண்ணீர்க் கணக்கு மட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சேர்க்கப்படும் சீனி நாளாந்தச் சக்தியில் பத்து வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 2000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. 330 மில்லிலீற்றர் கோலாப் பேணி ஒன்றிலேயே 35 கிராம் அளவில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

“சர்க்கரை நல்லது, வெள்ளைச் சீனிதான் கூடாது” என்று அம்மாமார் சொல்வதுண்டு. சர்க்கரையிலும் பனங்கட்டியிலும் தேனிலும் பெரும்பகுதி சீனிதான். இரத்தத்தில் ஏறும்போது அது நிறம் பார்ப்பதில்லை.

“பிரசாதம் நோய் செய்யுமா?” என்று கேட்ட அன்பரும் உண்டு. திருமூல நாயனார், முன்பு உடம்பை இழிவென்று எண்ணியிருந்ததையும், உள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அவ்வுடம்பைப் பேணியதையும் திருமந்திரத்தில் சொல்லியிருக்கிறார். நைவேத்தியம் எம்பெருமானுக்குப் படைப்பது. நமக்கு அதில் ஒரு விரற்கிள்ளு கிடைத்தாலும் அருள் குறைவதில்லை. கோப்பை நிறையக் கேட்பது நாக்குத்தான். ஆண்டுதோறும் பிரதட்டை பண்ணிய ஐயா ஒருவர் இம்முறை காலிற் கட்டோடு கதிரையில் இருந்து சுவாமியைப் பார்த்தார். நீரிழிவுப் புண், இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒருவர் அவருக்கு லட்டு நீட்டினார். அவரும் மறுக்க வெட்கப்பட்டு வாங்கினார். அந்தக் காட்சி எம் கண்ணை விட்டுப் போகவில்லை.

நாம் தேத்தண்ணீரில் சீனியை ஒரேயடியாக நிறுத்தவில்லை. இரண்டு கரண்டி ஒன்றரையானது, பின் ஒன்று, பின் அரை. முதல் வாரம் கசாயம் குடிப்பது போல் முகம் கோணியது. இரண்டு மாதத்தில் பழைய அளவு தெவிட்டத் தொடங்கியது. மாலை நடையும் சேர்ந்தது. அடுத்த சோதனையில் 41.

ஒன்றை மறவாதீர்கள். இன்சுலின் ஏற்றுவோரும் நீரிழிவு மாத்திரை எடுப்போரும் மருத்துவரைக் கேளாமல் கந்தசஷ்டி முதலிய விரதங்களை இருக்கக்கூடாது. சீனி திடீரென இறங்கி நடுங்கி வியர்த்தால், விரதமென்று பாராமல் உடனே இனிப்பான ஏதாவது எடுக்க வேண்டும்.

இம்முறை சபையின் சம்மதத்தோடு சீனி ஒரு மூட்டைதான். மோதகம் சிறிதாகப் பிடிக்கப்படும். தேத்தண்ணீர் சீனியின்றி ஊற்றப்படும், வேண்டியவர் பக்கத்துச் சாடியில் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர்ப் பந்தலில் குளிர்பானத்துக்குப் பதிலாக மோர். ஊரில் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்தார்களே என்பீர்கள். உண்மைதான், அது வெயிலில் காவடி தூக்கி வந்தவருக்கு. நாம் காரில் வருகிறோம்!

சிறிய மோதகத்துக்குக் கூடுதல் கைகள் வேண்டும். சதுர்த்தியன்று காலை ஐந்து மணிக்கு மடைப்பள்ளிக்கு வரக்கூடியவர்கள் முன்கூட்டியே ஐயரிடம் பெயர் கொடுக்கவும். இளைஞர்களும் வரலாம், பிடிக்கத் தெரியாவிட்டால் அம்மாமார் பழக்குவார்கள்.