பன்னிரண்டாம் வகுப்பும் ஓர் அமானிதமே!

அல்லாஹ் ஜல்ல ஷானஹு தன் திருமறையில் காலத்தின் மீது ஆணையிட்டு, மனிதன் நஷ்டத்தில் இருப்பதாக எச்சரிக்கிறான். ஈமான் கொண்டு, நல்லமல் செய்து, உண்மையையும் பொறுமையையும் ஒருவருக்கொருவர் உபதேசிப்போருக்கு மட்டுமே அதிலிருந்து விலக்கு அளிக்கிறான். அந்தச் சிறிய சூராவை நம் பிள்ளைகள் தொழுகையில் அடிக்கடி ஓதுகின்றனர். மூன்றே ஆயத்துகள்! ஓதி முடிக்கச் சில விநாடிகள் போதும். அதன் பொருளை உணர்ந்து நடக்க வேண்டிய வயது ஒன்று உண்டென்றால், அது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் வயதன்றோ!

ஜூனில் பள்ளி திறக்கிறது. மார்ச்சில் அரசுத் தேர்வு வந்து நிற்கிறது. நடுவில் ஒன்பது மாதங்கள். மொழிப்பாடம், ஆங்கிலம், நான்கு முதன்மைப் பாடங்கள் என ஆறு பாடங்கள். பாடத்துக்கு 100 வீதம் 600 மதிப்பெண்கள். 2018 வரை இருந்த 1200 என்ற கணக்கையே நினைவில் வைத்திருக்கும் வாப்பாமார்கள், பிள்ளை 450 என்று சொன்னதும் முகம் சுளித்துவிட வேண்டாம்! 2019 தேர்விலிருந்து கணக்கு மாறிவிட்டது. இந்த ஒன்பது மாதங்களைக் கொண்டுதான் பிள்ளை எந்தக் கல்லூரி வாசலில் நிற்கும் என்பது பெரும்பாலும் முடிவாகிறது.

வாழ்நாளை எதில் கழித்தாய், வாலிபத்தை எதில் தேய்த்தாய் என்று மறுமையில் வினவப்படுவோம் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. அவர்கள் காலத்து வாலிபர் ஒருவரை இங்கே நினைவு கூர்வோம். ஹஜ்ரத் ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்கள் தந்தையை இழந்த பிள்ளை. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது வயது பதினொன்று. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு அவர்களை நாயகம் (ஸல்) பணித்தார்கள். அரை மாதத்துக்குள் கற்றுத் தேர்ந்துவிட்டார்கள்! பின்னர் நாயகத்தின் கடிதங்களை எழுதவும், வந்தவற்றைப் படித்துக் காட்டவும் செய்தார்கள். ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) காலத்தில் திருக்குர்ஆனை ஒன்று திரட்டும் மாபெரும் பணி இவர்கள் கையில்தான் ஒப்படைக்கப்பட்டது. வாலிபத்தில் ஒழுங்காகக் கழிந்த நாட்கள் பின்னர் எத்தகைய பொறுப்புக்கு ஒருவரைத் தகுதியாக்குகின்றன, பாருங்கள்!

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? பிள்ளை படிக்கத் தயாராக இருந்தாலும், நாமே குறுக்கே நிற்பதுண்டு. "கடையில் ஆள் குறைவு, நீ வந்து உட்கார்" என்று ஒரு வீட்டில் அழைப்பு. "மாமு விசா அனுப்புகிறார், சபர் போய்விடு" என்று இன்னொரு வீட்டில் அவசரம். வறுமை உள்ள வீட்டின் கஷ்டத்தை நாம் அறியாமல் இல்லை. ஆயினும் பத்ரு யுத்தம் முடிந்த வேளையை எண்ணிப் பார்ப்போம். முஹாஜிர்கள் வீடு வாசலை விட்டு வந்திருந்தனர், கையில் காசில்லை. அந்நிலையிலும், எழுதத் தெரிந்த கைதிகள் மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தால் அதையே மீட்புத் தொகையாக நாயகம் (ஸல்) ஏற்றார்கள். பணம் தேவைப்பட்ட நேரத்திலேயே பணத்துக்குப் பதிலாகக் கல்வியைப் பெற்ற உம்மத்து நாம்! ஒன்பது மாதச் சம்பளத்துக்காகப் பிள்ளையின் கல்வியை நாம் விற்கலாமா?

பெண்மக்கள் விஷயம் இதைவிடக் கவலை தருகிறது. நல்ல இடம் வந்துவிட்டது என்று அரையாண்டுத் தேர்வுக்கும் ஆண்டுத் தேர்வுக்கும் நடுவில் நிகாஹ் பேசுகிறோம். பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வதை 2006ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்குப் பெரும்பாலும் பதினேழு வயதே ஆகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்; அவளுடைய சம்மதத்தைக் கேட்டோமா? படிப்பை முடிக்க விரும்புகிறாளா என்று விசாரித்தோமா? நல்ல இடமாயின் சில காலம் பொறுத்திருக்காதா? இன்னொன்றும் உண்டு. மகன் புத்தகத்துடன் உட்கார்ந்தால் அவனுக்குத் தேநீர் போகிறது. மகள் உட்கார்ந்தால் பாத்திரம் கழுவ அழைப்பு வருகிறது. பிள்ளைகளிடையே நீதமாக நடக்குமாறு நாயகம் (ஸல்) கட்டளையிட்டது கொடுக்கல் வாங்கலுக்கு மட்டுமா? நேரத்துக்கும் பொருந்தாதா?

உம்மாமார்களே! வீட்டில் நேரத்துக்கு ஒழுங்கு தருவது ஐவேளைத் தொழுகையே. சுபுஹுக்கு எழும் பிள்ளைக்கு ஊர் அரவம் தொடங்குமுன் இரண்டு மணி நேரம் கிடைத்துவிடுகிறது. மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு பாடம். இஷாவுக்குப் பின் சிறிது திருப்புதல், பிறகு உறக்கம். கைப்பேசி இரவில் பிள்ளையின் தலைமாட்டில் இருக்க வேண்டாம். பெரியவர்களின் அறையில் இருக்கட்டும். நாம் நள்ளிரவு வரை அதைப் பார்த்துக்கொண்டு பிள்ளையை மட்டும் கண்டித்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பிராது.

சில ஆண்டுகளில் தேர்வும் ரமளானும் ஒன்றாக வந்துவிடுகின்றன. 2025இல் தேர்வு தொடங்கியபோது நோன்பு பிறந்து ஓரிரு நாட்களே ஆகியிருந்தன. பிறை ஆண்டு ஏறத்தாழப் பதினோரு நாட்கள் முன்னே நகர்வதால், எந்த ஆண்டு எப்படி வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக் கொள்ளலாம். பாடங்களை ரஜபு, ஷஃபான் மாதங்களுக்குள் முடித்துவிட்டால் நோன்பில் திருப்புதல் மட்டுமே மிஞ்சும். ஸஹருக்குப் பின் உள்ள நேரம் படிப்புக்கு மிகப் பொருத்தமானது. நோயுற்ற பிள்ளைக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆனால் தேர்வைக் காட்டித் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாமல் ஆலிம்களிடம் கேட்டு நடக்கட்டும். தேர்வு நாள் வெள்ளிக்கிழமையானால் தேர்வு முடிவது பகல் 1.15க்கு. அருகில் எந்தப் பள்ளிவாசலில் ஜும்ஆ எத்தனை மணிக்கு என்று முன்னதாக விசாரித்து வைப்பது வாப்பாவின் வேலை.

மகனே, மகளே! உங்களுக்கும் ஒரு சொல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பது நபிமொழியின் கருத்து. துஆ உழைப்புக்குத் துணை. உழைப்புக்கு மாற்று அன்று. காப்பியடித்துப் பெறும் மதிப்பெண் மோசடியாகும். மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று நாயகம் (ஸல்) விலக்கிவிட்டார்கள். 60 மதிப்பெண் நேர்மையாக வந்தால் அதில் பரக்கத் உண்டு.

ஜமாஅத்தார்களுக்கும் இதில் பங்குண்டு. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் கண்ட நம் முன்னோர், யாருக்காக அவற்றை எழுப்பினார்கள்? பள்ளிப் படிப்பு முடித்து வாசலில் வந்து நிற்கும் இந்தப் பிள்ளைகளுக்காகத்தான். 2007இல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும், 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் வந்தன. சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல் கடைசி நேரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடும் குடும்பங்கள் எத்தனை! பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இதற்கு ஒரு தாள் ஒட்டினால் என்ன? மாலை நேரங்களில் மதரஸா கூடத்தைத் திறந்துவிட்டால், வீட்டில் இடமில்லாத பிள்ளைகள் அமைதியாகப் படிப்பார்களே!

இறுதியாக, முடிவு வெளியாகும் நாளைப் பற்றி. மதிப்பெண் குறைந்தால், அல்லது தவறிவிட்டால், பிள்ளையை அண்டை வீட்டார் முன் நிறுத்தி ஏசாதீர்கள். தவறிய பாடத்தை எழுத ஓரிரு மாதங்களிலேயே துணைத் தேர்வு வைக்கிறார்கள், ஆண்டு வீணாவதில்லை. ஆனால் ஒரு கடுஞ்சொல்லால் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் பிள்ளை திரும்பி வருவதில்லை. உயிர் அல்லாஹ்வின் அமானிதம். அதன் முன் 600 மதிப்பெண் ஒரு பொருட்டே அன்று. அன்று இரவு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரே தட்டில் சோறுண்டு, "நாளைக்குப் பேசிக்கொள்வோம் வாப்பா" என்று சொல்லுங்கள். பொறுமையை உபதேசிப்பது என்பது இதுதான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அதிகமாக்கித் தருவாயாக! அவர்களின் நேரத்தில் பரக்கத்தையும் நெஞ்சில் தெளிவையும் தருவாயாக! அவர்கள் விஷயத்தில் எங்களை நீதமுடையோராக ஆக்குவாயாக! ஆமீன்.