பெயர் மாறிய அணியும் அணி மாறிய பெயரும்

அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ. 1997 கோடையில் தொடங்கியது. 2026-ஆம் ஆண்டினது அதன் 30-ஆவது பருவம். டொராண்டோ டெம்போ, போர்ட்லேண்ட் ஃபயர் என இரண்டு அணிகள் சேர்வதால் மொத்தம் 15 அணிகள் ஆடும். கனடாவிலிருந்து வரும் முதல் அணியான டெம்போ புதியது என்பதில் ஐயமில்லை. ஃபயர் விஷயம் அப்படியல்ல. அதே நகரில், அதே பெயரில் ஓர் அணி 2000 முதல் 2002 வரை ஆடி, ஒருமுறைகூட பிளேஆஃப் சுற்றை எட்டாமல் கலைந்துபோனது. இப்போது வருவது அதுவா, வேறொன்றா?

ஒரு பொருளை ‘அதே பொருள்’ ஆக்குவது எது என்பது தத்துவத்தின் பழைய வழக்கு. பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலைப் பற்றி ஏதென்ஸில் நடந்த வாதத்தை ப்ளூட்டார்க் பதிவு செய்தார். கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து ஒருவன் இன்னொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது தீசியஸுடையது என்று 17-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் அதைச் சிக்கலாக்கினார். கூடைப்பந்து அணியில் பலகைகள் இன்னும் வேகமாக மாறுகின்றன. மூத்த வீராங்கனைகளில் மிகப் பெரும்பாலோரின் ஒப்பந்தங்கள் 2025 பருவத்தோடு முடிந்தன. புதிய ஊதிய உடன்பாடு வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருந்ததே காரணம். பல அணிகளுக்குப் பெயரும் ஊரும் அரங்கமும் இருந்தன, ஆடுவோர்தான் இல்லை.

நியாய வைசேடிக மரபு இதில் கறாரானது. உறுப்புகளின் தொகைக்கு அப்பால் ‘அவயவி’ என்ற முழுமை தனியே உண்டு என்பது அதன் கொள்கை. ஆனால் ஓர் உறுப்பு போனாலும் பழைய முழுமை அழிந்து புதிய முழுமை பிறக்கும். அந்தக் கணக்கில், நடுப்பருவத்தில் ஒருவரை விற்று இன்னொருவரை வாங்கும் அணி அன்றே புது அணி; ரசிகர்கள் ஒப்பமாட்டார்கள்.

பௌத்தம் காட்டும் வழி இன்னும் நெகிழ்வானது. மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் சொல்வழக்குகளை வகைப்படுத்துகிறார். பலவற்றின் சேர்க்கையை ஒன்றாகச் சொல்வது தொகை. உடம்பு, நீர், நாடு அதற்கு எடுத்துக்காட்டு. வித்து, முளை, தாள் என அடுத்தடுத்து வருவனவற்றையெல்லாம் நெல் என்றே சொல்வது தொடர்ச்சி. நிலையான ‘நெல்தன்மை’ ஒன்று உள்ளே ஒளிந்திருக்க வேண்டியதில்லை. முந்தையது பிந்தையதற்குக் காரணமானால் போதும். ஆட்டநாளன்று அணி ஒரு தொகை. பருவங்களுக்கு இடையே அது தொடர்ச்சி மட்டுமே.

இந்த விளக்கத்துக்கும் சோதனை தரும் ஊர் டெட்ராய்ட். அங்கே ஷாக் என்ற அணி 2003, 2006, 2008 ஆண்டுகளில் பட்டம் வென்றது. 2010-இல் அது டல்சாவுக்கும், 2016-இல் டல்லாஸுக்கும் போனது. இன்று அதன் பெயர் விங்ஸ். சட்டப்படியான வாரிசு டல்லாஸ்தான். அங்கே ஆடும் பேய்ஜ் பெக்கர்ஸ், ஷாக்கின் முதல் பட்டத்தின்போது இரண்டு வயதும் நிரம்பாதவர் என்பது வேறு கதை. 2029-இல் டெட்ராய்ட்டுக்குப் புதிய அணி வரும் என்று லீக் அறிவித்திருக்கிறது. உரிமத்தின் தொடர்ச்சி டல்லாஸுக்குப் போக, நினைவின் தொடர்ச்சி டெட்ராய்ட்டிலேயே தங்கிவிட்டது. ஒரே வித்திலிருந்து இரண்டு வயல்களில் முளை.

தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984-இல் இத்தகைய பிளவுகளை மனிதர் விஷயத்தில் ஆராய்ந்து, ‘அதேதானா’ என்ற கேள்வியே முக்கியமல்ல, எந்தத் தொடர்பு எஞ்சுகிறது என்பதே முக்கியம் என்று வாதிட்டார். அணிகளுக்கு இது நன்றாகவே பொருந்தும். கடனும் ஒப்பந்தமும் யாருடையவை என்றால் டல்லாஸைக் கேட்க வேண்டும். 2003 இறுதி ஆட்டத்தை யார் கொண்டாடலாம் என்றால் டெட்ராய்ட்டின் முதியவர்களுக்கே உரிமை அதிகம். பழைய ஃபயருக்கும் புதியதற்கும் ஆவணத்தொடர்ச்சி கிடையாது. இருந்தும், பழைய அணியில் ஆடி 2001-இன் சிறந்த புதுமுகமான ஜாக்கி ஸ்டைல்ஸின் ஆட்டத்தை நேரில் கண்டவர்கள் அதே பெயரை மீண்டும் கேட்கும்போது, முந்தையது பிந்தையதற்குக் காரணமாகிறது. முழு அடையாளம் என்று சொல்ல அது போதாது. வெறும் பெயர்ப் பொருத்தம் என்று தள்ளவும் முடியாது.

உரிமம், நினைவு என்ற இரண்டு இழைகளுமே அறுந்ததாகத் தோன்றும் நிலையும் உண்டு. 1997 முதல் 2000 வரை முதல் நான்கு பட்டங்களையும் வென்ற ஹூஸ்டன் காமெட்ஸ், வாங்க ஆளின்றி 2008 இறுதியில் மூடப்பட்டது. அதைவிட அதிகப் பட்டம் வென்ற அணி இன்னும் இல்லை. அந்த நான்கையும் வேறெந்த அணியும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் எஞ்சிய வீராங்கனைகள் மற்ற அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டனர். நான்கு பட்டங்களிலும் ஆடிய டினா தாம்சன் அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸுக்கு ஆடினார். காமெட்ஸில் கற்ற ஆட்டம் அந்த அணிகளுக்குள் போனது. அதைக் காமெட்ஸ் என்று அழைக்கும் வழக்கு மட்டும் ஏற்படவில்லை.