வேண்டாமையும் இயலாமையும், ஒரு காடியும்

உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. எங்கே வேலை, எவ்வளவு சம்பளம் (இதை மாமாக்கள் மட்டும்தான் நேராகக் கேட்பார்கள்), அப்புறம், "என்ன காடி வச்சிருக்க தம்பி?" காடி இல்லை என்றதும் ஒரு சின்ன மௌனம் விழும். மெக்கானிக்கல் இன்ஜினியர், லைசன்ஸும் இருக்கிறது, காடி மட்டும் இல்லை. கடன் தொல்லையா, கண்ணில் கோளாறா என்று அவர்கள் மனதுக்குள் ஓடுவது எனக்குக் கேட்கும்.

நான் தனி ஆள் இல்லை. ஸ்கூடாயில் யூ.டி.எம்மில் என்னோடு படித்தவர்களில் பலருக்கு காடி மீது பெரிய மயக்கம் கிடையாது. எஞ்சினைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டத் தெரிந்தவர்கள்தான். ஆனால் எங்கள் சீனியர்கள் எக்ஸாஸ்ட் சத்தத்தை வைத்தே வண்டியின் பெயரைச் சொன்ன ஆர்வம் எங்களுக்கு வரவில்லை. உலகத்தில் வேறு இடங்களிலும் இப்படித்தான். அமெரிக்காவில் 1983இல் 16 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் லைசன்ஸ் எடுத்திருந்தார்கள். 2014இல் அது 25 விழுக்காட்டுக்கும் கீழே. ஜப்பானியர்கள் இளைஞர்கள் காடியை விட்டு விலகுவதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

மலேசியக் கணக்கு வேறு மாதிரி. 2024இல் மட்டும் இங்கே 8 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய வாகனங்கள் விற்றன. ஆகவே இளைஞர்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாங்குகிறார்கள், வாஷிங் மெஷின் வாங்குவதுபோல. இல்லாவிட்டால் வேலை நடக்காது, அவ்வளவுதான். குறைந்திருப்பது ஆசை. இந்த ஆசைக் குறைவை 'புதிய தலைமுறையின் பக்குவம்' என்று நண்பர்கள் சிலர் கொண்டாடும்போது எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது. ஆசை குறைவது எல்லாம் பக்குவமா?

முதலில் அவர்கள் பக்கத்து நியாயம். இவான் இல்லிச் 1974இல் 'ஆற்றலும் சமத்துவமும்' என்று பொருள்படும் சின்னப் புத்தகம் ஒன்றை எழுதினார். ஒரு சராசரி அமெரிக்க ஆண் காடியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தோடு, அதற்காக உழைத்துச் சம்பாதிக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கு 1,600 மணி நேரத்துக்கு மேல் போகிறது. அதில் அவன் கடப்பது 7,500 மைல். அதாவது மணிக்கு 5 மைல்கூட இல்லை என்றார். சைக்கிள் முந்திவிடும்.

நான் இதை நம்மூர் ஆளுக்குப் போட்டுப் பார்த்தேன். ரவாங்கில் இருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு வேலைக்கு வரும் ஓர் இளம் இன்ஜினியர். கைக்கு வருவது 3,000 ரிங்கிட், மாதத்துக்கு 180 மணி நேர வேலை. மைவி ஒன்றை ஒன்பது வருடக் கடனில் எடுத்தால் தவணை 600ஐ ஒட்டி வரும். பெட்ரோல், டோல், பார்க்கிங், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 1,300 என்று வைத்துக்கொள்வோம். அதைச் சம்பாதிக்க 78 மணி நேரம். நெரிசலில் தினமும் இரண்டு மணி நேரம் வீதம் இன்னொரு 44. ஆக 122 மணி நேரத்தில் அவர் போய்வருவது 1,320 கிலோமீட்டர். மணிக்கு 11 கிலோமீட்டர்கூடத் தேறவில்லை. இல்லிச்சின் அமெரிக்கரைவிட நாம் கொஞ்சம் வேகம், சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். இந்தப் பக்கம் 50 ரிங்கிட்டுக்கு மை50 அட்டை இருக்கிறது. மாதம் முழுக்க எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி., ரேப்பிட் பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம். கணக்குத் தெரிந்தவன் எதை எடுப்பான்?

ஆனால் கணக்கு ஆசையைக் குறைப்பதில்லை. கட்டுப்படியாகாத எத்தனையோ பொருள்களுக்கு நாம் ஏங்கத்தானே செய்கிறோம். கட்டுப்படியாகாது என்று தெரிந்த பிறகு, ஏக்கமும் சேர்ந்தே காணாமல் போகிறதே, அதுதான் விசித்திரம். நம் பாட்டிமார் அதற்கு நரிக் கதை வைத்திருந்தார்கள். சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும். யோன் எல்ஸ்டர் என்ற நார்வே நாட்டுச் சிந்தனையாளர் 1983இல் இந்த நரியை வைத்தே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவர் காட்டும் வேறுபாடு முக்கியமானது. தெரிந்தே, பயிற்சி செய்து ஆசையைக் குறைத்துக்கொள்வது ஒன்று. எட்டாத காரணத்தால், நமக்கே தெரியாமல் நம் முதுகுக்குப் பின்னால் ஆசை சுருங்கிப்போவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வள்ளுவர் அவாவறுத்தலில் பேசும் வேண்டாமை முதல் வகை. நரியுடையது இரண்டாவது.

எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: பழம் கைக்கு எட்டினால் என்ன ஆகிறது? என் நண்பர்களில் சம்பளம் ஏறிய நாலு பேரில் மூன்று பேரின் காடி மீதான தத்துவம் ஆறே மாதத்தில் மாறிவிட்டது. அந்த மாற்றத்தை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் முன்பு பேசியது தத்துவம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் இதைக் கேட்டால் சிரிப்பார். அங்கே 1990இலிருந்து காடி வைத்துக்கொள்ளும் உரிமையையே பத்து வருடத்துக்கு ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய காடிக்கான அந்தக் காகிதம் மட்டும் ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தாண்டியது. ஆனால் அங்கே பந்தலை உயரத்தில் கட்டியவர்கள் கீழே வேறு பழங்களையும் வைத்தார்கள். பஸ் வரும், ரயில் வரும். நம் நாட்டில் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தாண்டினால் பெரும்பாலான இடங்களில் கீழே ஒன்றும் கிடையாது.

இந்த இடத்தில்தான் அப்பாவின் காடியைப் பற்றிப் பேச வேண்டும்.

அப்பா சுங்கை பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். லயத்து வாழ்க்கையில் வெளியே போவது என்பது லாரிக்காரர் எப்போது போகிறார் என்பதைப் பொறுத்தது. தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு எங்கள் குடும்பம் டவுனுக்கு 12 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு மலிவு விலைத் தாமானுக்கு வந்தது. 1996இல் அப்பா ஒரு பழைய புரோட்டோன் சாகா வாங்கினார். நான் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பு. புரோட்டோன் 1985இல் முதல் சாகாவை வெளியிட்டபோது அது தேசத்தின் பெருமை என்று பேசப்பட்டது. எங்கள் வரிசையில் அது ஆம்புலன்ஸ். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். "அண்ணே, அம்மாவுக்கு மூச்சு வாங்குது." அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே போவார். பிரசவம், சாவு, போலீஸ் ஸ்டேஷன், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை, எஸ்.பி.எம். முடிவு வாங்கப் போகும் பக்கத்து வீட்டுப் பெண் என்று எல்லாம் அந்த சாகாவில்தான். பெட்ரோலுக்குக் காசு நீட்டினால் வாங்க மாட்டார். அம்மா இதற்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறார், அதுவும் நியாயமான சண்டைதான், பாதி நாள் எங்கள் வீட்டு மார்க்கெட் காசு அதில்தான் போனது.

அந்தத் தாமானில் காடி வைத்திருப்பது என்றால், எழுப்பப்படக்கூடியவனாக இருப்பது. உடைமை என்று நாம் பொதுவாக நினைப்பதற்கு நேரெதிர். சாவி அப்பாவிடம் இருந்தது, ஆனால் அந்த வண்டி எங்கே போக வேண்டும் என்பதை அவர் தீர்மானித்த நாள்கள் குறைவு.

காடி வேண்டாம் என்று என் தலைமுறை சொல்லும்போது, அதற்குள் இந்த 'எழுப்பப்படுதல்' வேண்டாம் என்பதும் ஒளிந்திருக்கிறதோ என்பதே என் சந்தேகம். "கிரேப் போட்டுக்குங்க ஆன்ட்டி" என்று சொல்வது எளிது. அதில் மரியாதைக்குக் குறைவில்லை. செல்பேசி தெரியாத, வங்கி அட்டை இல்லாத ஒரு கிழவிக்கு இரவு இரண்டு மணிக்கு அந்தத் தாமானில் கிரேப் கிடைக்குமா என்பது மட்டும் அந்தப் பதிலில் இல்லை. காடியின் புகையையும் கடனையும் அந்தஸ்து வெறியையும் நாம் துறக்கிறோம், சரி. கூடவே அதைச் சுற்றி வளர்ந்த ஒரு கடமையும் போகிறது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யாரும் பேசுவதில்லை.

பெண்கள் இந்த விவாதத்தைக் கேட்டால் பொறுமை இழந்துவிடுவார்கள். என் அக்கா ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரவு 11 மணிக்கு முடியும். அவளுக்கு காடி என்பது அந்தஸ்தும் இல்லை, சுதந்திரத் தத்துவமும் இல்லை. உள்ளே இருந்து பூட்டக்கூடிய நாலு கதவு. "உனக்கு ராத்திரி ஸ்டேஷன்லேர்ந்து நடந்து வர்றது கவிதை, எனக்கு அப்படியா?" என்றாள் ஒரு முறை. வேண்டாமை பேசுவதற்கும் ஓர் உடம்பு வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஓட்டாதவன் ஓட்டத்தை நிறுத்துவதில்லை, வேறொருவனிடம் ஒப்படைக்கிறான். நான் கண்டோவில் உட்கார்ந்து மழையை ரசிக்கிறேன், என் சோற்றை ஒரு பையன் மோட்டாரில் கொண்டு வருகிறான். நம் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாகிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். காடி இல்லாத என் வாழ்க்கையின் கார்பன் கணக்கு அழகாக இருக்கும். அந்தப் பையனின் ஆபத்தை எந்தப் பத்தியில் எழுதுவது?

இதையெல்லாம் சொல்லிவிட்டு எல்லோரும் போய் மைவி புக் பண்ணுங்கள் என்று முடிக்கப் போவதில்லை. நானும் வாங்கப் போவதில்லை, இப்போதைக்கு. ரயிலில் வாசிக்கக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை எந்த வண்டிக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை. நான் வேண்டாம் என்று சொல்வதில் அந்த ஒரு பகுதி உண்மையான வேண்டாமை என்று நம்புகிறேன். மீதி எவ்வளவு நரி என்பது சம்பளம் ஏறும்போது தெரியும்.

ஊருக்குப் போகும்போது கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ஏறினால் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், சுங்கை பட்டாணி வந்துவிடும். அங்கிருந்து தாமானுக்கு 12 கிலோமீட்டர். அதற்கு பஸ் இல்லை. அப்பாதான் வருகிறார், சாகா போய் இப்போது 2007 மைவி. வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது. இரவில் எதிரே வரும் வெளிச்சம் சிதறுகிறது என்கிறார். ஆனாலும் தாமானில் இன்னும் அவரைத்தான் எழுப்புகிறார்கள். போன மாதம் அம்மா சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார். அப்பா பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்.