அணுகுண்டுக்கு உரை எழுதலாமா?

சிவகாசிக்குப் பக்கத்தில் ஆனைக்குட்டம் என்று ஒரு ஊர். அர்ச்சுனா நதியில் கட்டிய அணை ஒன்று அங்கே உண்டு. மற்றபடி கரிசல் மண், பட்டாசு ஆலை, தீப்பெட்டி... அவ்வளவுதான். போன தீபாவளிக்கு நீங்கள் வெடித்த வெடி அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கோ உருட்டி, சுற்றி, லேபிள் ஒட்டியதாக இருக்கலாம். அந்த லேபிளில் என்ன படம் இருந்தது? ஞாபகம் இல்லையா? யாருக்கும்தான் இருக்காது.

ஆனால், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒருவர் டாக்டர் பட்டம் வாங்கலாம். பண்பாட்டு ஆய்வு என்று அதற்குப் பெயர். தமிழ்த் துறைகளுக்குள் அது நுழைந்ததிலிருந்து ஒரு மாமியார் - மருமகள் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. ‘சிலப்பதிகாரம் படிக்க ஆள் இல்லை, இதுல வெடிப் பெட்டியைப் படிக்கிறானாம்!’ என்று ஒரு தரப்பு. ‘ஏட்டில் இருந்தால்தான் இலக்கியமா? ஒப்பாரி பாடுற எங்க அப்பத்தா எந்தக் கணக்கு?’ என்று இன்னொரு தரப்பு. நான் பி.காம். எனக்கு இரண்டு பக்கமும் பங்கு கிடையாது. அதனால் தைரியமாக வேடிக்கை பார்க்கலாம்.

வேடிக்கை பார்த்ததில் தெரிந்தது, இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1964-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பண்பாட்டு ஆய்வுக்கென்று ஒரு மையம் தொடங்கிய ரிச்சர்ட் ஹோகார்ட், ஆங்கில இலக்கியப் பேராசிரியர். (2002-ல் அந்த மையத்தை மூடிவிட்டார்கள் என்பது வேறு கதை.) நம்ம ஊரில் கட்டபொம்மன் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்த நா.வானமாமலை, பழைய இலக்கியத்தையும் விடாமல் எழுதியவர். 2020-ல் மறைந்த தொ.பரமசிவன், சாட்சாத் தமிழ்ப் பேராசிரியர். அவர்தான் பல்லாங்குழியை எடுத்து வைத்துக்கொண்டு, ‘சமமாகப் பிரித்துத் தொடங்குகிற ஆட்டம் கடைசியில் ஒருவரை ஏன் ஓட்டாண்டி ஆக்குகிறது?’ என்ற திசையில் யோசித்தார். நாமும்தான் ஆடினோம்... நமக்குத் தோன்றியதா?

லேபிளுக்கும் அப்படிக் கேட்கலாம். லட்சுமி படத்தைப் பூஜை அறையில் வைத்துக் கும்பிடுகிறவர்கள், லட்சுமி வெடியைத் தெருவில் வைத்துக் கொளுத்துகிறோம். எப்படி முடிகிறது? ‘குட்டி ஜப்பான்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர், தான் செய்கிற பெரிய வெடிக்கு ‘அணுகுண்டு’ என்று பெயர் வைத்திருக்கிறது. ஹிரோஷிமாக்காரர் யாராவது கேட்டால் என்ன நினைப்பார்? குழந்தைகள் கையில் அந்த வார்த்தை எப்படி விளையாட்டுச் சாமான் ஆனது? இதெல்லாம் அற்பமான கேள்விகள் என்று என்னால் சொல்ல முடியாது.

அப்படியானால் லேபிளும் சங்கப் பாட்டும் ஒன்றா? இல்லை சார். ஆராய்வது வேறு, மார்க் போடுவது வேறு. எல்லாவற்றையும் ஆராயலாம் என்பதற்காக எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு நூறு போட்டுவிட்டால், நல்ல பாட்டைத் தேடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன் முட்டாளாகிவிடுவான்.

ஆனைக்குட்டத்துக்கு அக்கம்பக்கத்து ஊர்தான் திருத்தங்கல். சிலப்பதிகாரத்தில் வருகிற தங்கால் இதுதான் என்பார்கள். புறநானூற்றில் தங்கால் பொற்கொல்லனார் என்று ஒரு புலவர் இருக்கிறார். அவர் பாட்டில் ஒரு காட்சி: நடுராத்திரி, காட்டுப்பூனைக்குப் பயந்து ஒரு கோழி தொண்டை கிழியக் கத்துகிறது. பருத்தி வேலை செய்யும் ஒரு பெண் எழுந்து சின்ன விளக்கு ஏற்றுகிறாள். அந்த வெளிச்சத்தில் சேவலைப் பார்த்ததும் கோழி அடங்குகிறது. இலக்கியம் படித்தவர் அந்த விளக்கில் மயங்கி, இது வாகைத் திணை, மூதின்முல்லைத் துறை என்று விளக்குவார். பண்பாடு படித்தவர், ‘அந்த நேரத்தில் அந்தம்மாவுக்கு என்ன வேலை? பகல் பூரா பார்த்தது போதாதா?’ என்பார். எனக்கு இரண்டுமே வேண்டும். விளக்கின் அழகு பிடிபடாதவருக்கு அந்தப் பெண்ணின் களைப்பும் பிடிபடாது என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் புலவர் பெயரில் ஊர் இருக்கிறது, தொழிலும் இருக்கிறது. பொற்கொல்லர் என்று தொகுத்தவர்கள் மறக்காமல் எழுதி வைத்தார்கள். அதே மண்ணில் அச்சான லேபிள்களை வரைந்தவர் யார்? காலண்டர் ஓவியராவது தப்பித்தார். கோவில்பட்டி கொண்டையராஜுவின் கையெழுத்து படத்திலேயே இருக்கும். சிவகாசிக் காலண்டர்களைப் பற்றி 2007-ல் ஆங்கிலத்தில் பெரிய புத்தகம் எழுதிய கஜ்ரி ஜெயின், ஓவியர்களையும் அச்சகக்காரர்களையும் தேடிப் பேசினார். வெடி லேபிளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒட்டிய கைக்கோ அதுவும் இல்லை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இப்படிப்பட்டவர்கள் பெயர் அச்சில் வருவது பெரும்பாலும் அந்த மாதிரி நாளில்தான்.

கணக்குப்பதிவியலில் ஒரு வரவு எழுதினால் அது யாரிடமிருந்து என்று எழுதாமல் விட முடியாது. லேபிளின் ‘குறியீட்டு அரசியல்’ பற்றி 300 பக்கம் எழுதிவிட்டு, அதைச் செய்தவர் பெயரே இல்லாவிட்டால் அந்த ஆய்வேட்டை எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ண மாட்டார். பாரிஸில் ரோலண்ட் பார்த் 1967-ல் ஆசிரியன் இறந்துவிட்டான் என்றார். பார்த்துக்கொண்டே படிக்கலாம். ஆனால், சிவகாசியில் அந்த ஆசிரியனுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லையே!

ஆய்வு மாணவர் யாராவது அந்தப் பக்கம் போனால் ஒரு வேண்டுகோள். லேபிளை ஸ்கேன் செய்வதோடு பஸ் ஏறிவிடாதீர்கள். எந்த அச்சகம், யார் வரைந்தது, ஒரு படத்துக்கு என்ன கொடுத்தார்கள், குரோஸுக்கு என்ன கூலி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். கையால் வரைந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.