கடலில் இருக்கும் மீன்

2011 ஒக்டோபரில் மன்னார்க் கடலின் 'டொராடோ' கிணற்றில் வாயு அகப்பட்ட செய்தி வந்தபோது, ஸ்பிரிங்வெளியில் தரம் எட்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "இன்னும் ஐந்து வருடத்தில் நம் அடுப்பில் நம் நாட்டு கேஸ் எரியும்" என்றேன். விறகு சுமந்து பழகிய லயத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

2022இல் மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னால் கேனோடு நின்றவன் அந்த வகுப்பில் இருந்தவன். "சேர், நீங்க சொன்ன மன்னார் கேஸ் எப்ப சேர் வரும்?" என்று கேட்டான். அதில் கேலி இல்லை. அதுதான் சுட்டது.

நான் சொன்னது பொய்யா? வாயு கிடைத்தது உண்மை. ஆனால் ஆயிரம் மீற்றருக்கும் கூடிய ஆழத்திலிருந்து அதை எடுத்து அடுப்புவரை கொண்டுவருவது வேறு கதை. துளையிட்ட கெய்ர்ன் நிறுவனம் 2015இல் விலகிக்கொண்டது. இன்றுவரை அங்கிருந்து ஓர் அடுப்புக்கும் வாயு வரவில்லை. இதற்கிடையில், தோண்டிப் பாராத பகுதிகளின் மதிப்பீட்டை வைத்து நாட்டுக் கடனையே அடைக்கலாம் என்றும் மேடைகளில் பேசினார்கள்.

காணாததை அளப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே கண்டுபிடிக்கப்படாத எண்ணெய் சுமார் 9,000 கோடி பீப்பாய் இருக்கலாம் என்று 2008இல் அமெரிக்க நிலவியல் அளவைத் திணைக்களம் கணித்தது. அதில் பெரும்பகுதி அதிகம் துளையிடப்படாத பனிக்கடல். அங்குள்ள பாறையடுக்குகளை உலகில் ஏற்கெனவே எண்ணெய் தந்த படுகைகளோடு ஒப்பிட்டார்கள். பெரிய எண்ணெய் வயலொன்று இருப்பதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பும் இல்லாத இடங்களை ஒதுக்கினார்கள். தங்கள் எண் ஒரு சராசரி என்றும், எடுக்கும் செலவு அதில் சேரவில்லை என்றும் எழுதியும் வைத்தார்கள். அது நேர்மையான அறியாமை. வாய்க்கு வாய் மாறும்போதுதான் 'இருக்கலாம்' உதிர்ந்து எண் மட்டும் மிஞ்சுகிறது. என் வாயிலும் அதுதான் நடந்தது. கேள்விக்கு ஒரே விடை என்று பயிற்சிக் கல்லூரியில் பழகிய நாக்கு!

கடலில் இருக்கும் மீனையும் வானத்துப் பறவையையும் விற்கலாகாது என்பது நம் மத்ரசாப் பிள்ளைக்கும் தெரியும். நான் எதையும் விற்கவில்லையே, நம்பிக்கைதானே கொடுத்தேன் என்று மனம் வாதாடுகிறது. வறிய பிள்ளைக்கு நம்பிக்கையும் வேண்டும்தான். ஆனால் காசு வாங்காவிட்டாலும் நான் ஒன்றை வாங்கியிருக்கிறேன்: என் சொல்லுக்குச் சந்தேகமே இல்லாமல் தலையாட்டிய நாற்பது முகங்கள்.

அண்மையில் அதே பாடம் வந்தபோது கரும்பலகையில் மூன்று எண்களை எழுதினேன்: குறைந்தது, நடு, கூடியது. பின்வாங்கிலிருந்து ஒரு சிறுமி, "அப்ப ஒன்றும் இல்லாமலும் போகலாமா சேர்?" என்றாள்.

"போகலாம்" என்றேன். அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.